கேட்டு வாங்கிய முதுமை

நான் கே. பி. சுந்தராம்பாளை முதலில் அறிந்தது ஒரு கிழவியாகத்தான். ஆடி மாதம் பிறந்தால் எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலையில் வரும் குரல் அவருடையது. விசேஷ நாட்களில் தொலைக்காட்சியில் காட்டும் ‘திருவிளையாடல்’ படத்தில், கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் முருகனைச் சமாதானம் செய்ய வரும் நரைத்த தலை அவருடையது. அவர் என்றைக்காவது இளம்பெண்ணாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கோயில் வாசல் ஆலமரம் கன்றாக இருந்ததை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில், அவருடைய தாத்தா சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஒன்றைக் கேட்க நேர்ந்தது. நாடகப் பாட்டு. தட்டின் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து பாடினாள். பயமில்லாத, கொஞ்சம் திமிரான, எதிரே நிற்பவனை ‘வா, பார்க்கலாம்’ என்று அழைக்கிற குரல். பாடுவது யார் என்று நண்பர் சொன்ன பிறகும் நம்பச் சிரமமாக இருந்தது. குரல் அதேதான். ஆள் வேறு. அந்தப் பெண் எங்கே போனாள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சினிமாவில் அவ்வை வேஷம் போட்ட ஒருவரைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கவிதையில் படிமம் பற்றி நாம் எவ்வளவோ எழுதியாயிற்று. ஒரு மனுஷி தானே ஒரு படிமமாகி, நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு சமூகத்தின் கண்முன் நின்றது எப்படி என்பதும் விமர்சகன் பார்க்கவேண்டிய காரியம்தான். ஜனரஞ்சகம் என்று ஒதுக்கிவிட்டால் நம் சமூகம் தன் ஆசைகளையும் பயங்களையும் எங்கே சேமித்து வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

புகழ்பெற்ற கலைஞர்களில் பெரும்பாலோரை முதுமை மேடையிலிருந்து இறக்கிவிடுகிறது. இறங்க மறுப்பவர்கள் சிலர். அவர்கள் கையாளும் வழிகளைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார் 1844ல் பிறந்தவர். 1900ல், 55 வயதில், ரோஸ்தானின் நாடகத்தில் நெப்போலியனின் மகனாக, இருபது வயது இளைஞனாக வேஷம் கட்டினார். 1915ல் ஒரு காலை வெட்டி எடுத்த பிறகும் உட்கார்ந்தபடியே நடித்தார். வயதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மார்லின் டீட்ரிச் வேறு மாதிரி. 1975ல் சிட்னி மேடையில் விழுந்து கால் முறிந்ததோடு மேடை வாழ்க்கை முடிந்தது. பிறகு பாரிஸில் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைப் பற்றி மாக்ஸிமிலியன் ஷெல் எடுத்து 1984ல் வெளியான ஆவணப்படத்தில் குரலை மட்டும் கொடுத்தார். அந்த வயதின் முகத்தைக் காமிரா எடுக்க விடவில்லை. சாப்ளின் மூன்றாவது வழி. 1952ல் ‘லைம்லைட்’ படத்தில், ஜனங்கள் சிரிக்க மறந்துவிட்ட ஒரு வயதான கோமாளியாக வந்தார். முதுமையையே கதைப்பொருளாக்கிக்கொண்டார்.

சுந்தராம்பாளின் வழி இந்த மூன்றிலும் சேராது. முதுமை வருவதற்கு முன்பே அதை எடுத்து உடுத்திக்கொண்டவர் அவர். ஜெமினியின் ‘அவ்வையார்’ 1953 ஆகஸ்ட் 15ல் வெளிவந்தபோது அவருக்கு 44 வயது. அதன் பிறகு ஜனங்களுக்கு அவர் வயதாவதே தெரியவில்லை. ஏற்கனவே கிழவியாகிவிட்டவர் எப்படிக் கிழவியாவார்? நிஜமான முதுமை வந்து சேர்ந்தபோது அதற்கான இடம் பல வருஷங்களுக்கு முன்பே தயாராக இருந்தது.

இது ஒரு நடிகையின் சாமர்த்தியம் மட்டும் என்று எனக்குப் படவில்லை. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

*

சுந்தராம்பாள் 1908ல் காவிரிக்கரையில் கொடுமுடியில் பிறந்தார். வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி என்பது அவரைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கதை. அங்கிருந்து நாடகக் கம்பெனி, அங்கிருந்து கொழும்பு. அன்றைய தமிழ் நாடகத்துக்குக் கொழும்பு ஒரு பெரிய சந்தை. அங்கேதான் 1926ல் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையில் சேர்ந்தார். இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

ஸ்பெஷல் நாடகம் என்பது என்ன என்று இன்று விளக்க வேண்டியிருக்கிறது. நிலையான கம்பெனி கிடையாது. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி எல்லோருக்கும் பாடமான நாடகங்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும் வருவார்கள். மேடையில் சந்திக்கும்போதுதான் நாடகம் பிறக்கும். இருவருக்கும் நடுவே பாட்டிலேயே வாதம் நடக்கும். ஒருவர் போட்ட சங்கதியை மற்றவர் எட்டிப்பிடித்துத் தாண்ட வேண்டும். கதாபாத்திரங்களின் காதலும் பாடகர்களின் போட்டியும் எங்கே பிரிகின்றன என்று ரசிகனுக்குத் தெரியாது. அதற்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருப்பான். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேர வேண்டும். கிட்டப்பா, சுந்தராம்பாள் இருவரின் குரலும் அந்தத் தேவையில் உருவானவை.

அவர்கள் சேர்ந்து நடித்துப் பேர் வாங்கிய நாடகங்களில் ‘வள்ளி திருமணம்’ ஒன்று. தினைப்புனத்தில் காவலிருக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கடைசியில் தள்ளாத கிழவனாக வருகிறான். அவள் மசியவில்லை. அண்ணன் பிள்ளையாரைக் கூப்பிடுகிறான். யானையாக வந்த பிள்ளையாரைக் கண்டு பயந்து வள்ளி ஓடிப்போய்க் கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். இந்தக் கதையை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் முதுமை என்பது ஆண் போட்டுக்கொள்ளும் வேஷம். காரியம் முடிந்ததும் கழற்றிவிடலாம். உள்ளே இருப்பவன் என்றும் இளையவன். அவன் பெயரே அதுதான்.

1927ல் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பா பிராமணர், ஏற்கனவே மணமானவர். சில வருஷங்களில் பிணக்கு வந்தது, பிரிவு வந்தது. 1933 டிசம்பர் 2ல் கிட்டப்பா இறந்துபோனார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற தீர்மானம். 1980ல் இறக்கும்வரை இந்த இரண்டும் மாறவில்லை.

*

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எத்தனையோ நாடகப் பெண்களுடைய கதை இப்படித்தான் முடிந்தது. கும்பகோணம் பாலாமணியை எடுத்துக்கொள்ளலாம். பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காக ஓடிய ரயிலுக்கே ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் ஏற்பட்டதாகச் சொல்வார்கள். சிருங்காரம்தான் அவருடைய மூலதனம். அந்த மூலதனம் கரைந்தபோது கூட்டமும் கரைந்தது. கடைசிக் காலத்தில் மதுரையில் வறுமையில் இறந்தார் என்றே நாடக வரலாறு சொல்பவர்கள் சொல்கிறார்கள்.

சுந்தராம்பாள் முடியவில்லை. 1935ல் ‘பக்த நந்தனார்’ சினிமாவில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அன்றைய குமாஸ்தா ஒருவன் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் அதில் கால்பங்கைக்கூடக் கண்டிருக்க முடியாது. குமாஸ்தாவாகிய நான் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். நிபந்தனை அவருடையது: ஆணோடு ஜோடி கிடையாது. அதற்கு அவர் கண்ட வழி ஆணாகவே வருவது. நந்தனாராக அவர், வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். அடுத்து 1940ல் ‘மணிமேகலை’. உதயகுமாரன் துரத்தத் துரத்தக் காதலைத் தள்ளிவிட்டுத் துறவுக்குப் போன நாட்டியக்காரி மகள். அதற்கும் 13 வருஷம் கழித்து அவ்வை. 1964ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள்: சமணத் துறவி, கோவலன் இறந்த செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டவள். 1965ல் ‘திருவிளையாடல்’, 1967ல் ‘கந்தன் கருணை’ இரண்டிலும் மறுபடியும் அவ்வை. 1973ல் ‘காரைக்கால் அம்மையார்’.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆண் பக்தன், பிக்குணி, கிழவி, சமணத் துறவி, மீண்டும் கிழவி, பேய். பெண்ணுடல் ஆசைக்கு உரியதாக இல்லாமல் போகும் வழிகள் தமிழ் மரபில் எத்தனை உண்டோ அத்தனையும் இந்த வரிசையில் இருக்கின்றன. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். கதை தேடியவர்களுக்கு அவரைப் பொருத்திவைக்க மரபின் கிடங்கில் கிடைத்தவை இவ்வளவுதான்.

வெள்ளைப் புடவையும் இப்படித்தான் பல வேலை செய்தது. முதலில் அது கைம்மையின் வெள்ளை. சத்தியமூர்த்தி அவரைக் காங்கிரஸ் பிரசாரத்துக்கு அழைத்து வந்தபோது அது கதரின் வெள்ளையும் ஆயிற்று. நாடகக்காரி என்று முகம் சுளித்திருக்கக்கூடிய குடும்பங்கள் தேசபக்தர் என்று அவரைக் கேட்க வந்தன. ஐம்பதுகளில் சென்னை மேலவையில் காங்கிரஸ் சார்பில் உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டசபைக்குள் போன முதல்வர்களில் ஒருவர். கடைசியில் அது துறவின் வெள்ளையாகத் திரையில் நிலைத்தது. கைம்மை, கதர், துறவு எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் என்பது வரலாற்றின் தற்செயல். ஆனால் ஒரு பெண் பாடகி நாற்பது வருஷம் பொதுமேடையில் நிற்க அந்தத் தற்செயல் தேவைப்பட்டிருக்கிறது.

எதிர்முகாம்கூட அந்த வெள்ளைக்கு மரியாதை கொடுத்தது. ‘பூம்புகார்’ மு. கருணாநிதி எழுதிய படம். 1964ல் தி.மு.க.வும் காங்கிரசும் எப்படி மோதிக்கொண்டிருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. காங்கிரஸ்காரரான, முருக பக்தையான சுந்தராம்பாள்தான் கவுந்தியாக வர வேண்டும் என்று அவர்களும் நினைத்தார்கள். கடவுளைக் கேள்வி கேட்பதாக அமைந்த ஒரு வரியைப் பாட அவர் தயங்கியதாகவும், அவருக்காக வரி மாற்றப்பட்டதாகவும் சொல்வதுண்டு. கிழவியின் சொல்லை யாரும் மீற முடியாது.

*

அவ்வைக்கு வருகிறேன். அவ்வை ஒருத்தி இல்லை என்பது இலக்கியம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சங்கத்தொகைகளில் 59 பாடல்களுக்கு உரிய அவ்வை வேறு. ‘ஆத்திசூடி’ பாடிய அவ்வை பல நூற்றாண்டு பிந்தியவள். சங்கத்து அவ்வையிடம் கிழவிக்குரிய அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை. அதியமான் செத்தபின் அவனை நினைத்து அழும் பாட்டில், அவனோடு கள்ளைப் பகிர்ந்து குடித்ததைச் சொல்கிறாள். தொண்டைமானிடம் தூது போய், நெய் பூசி மாலை சூட்டி வைத்திருக்கும் அவனுடைய ஆயுதங்களைப் புகழ்வதுபோல இகழ்ந்துவிட்டு வருகிறாள். இன்னொரு புறப்பாட்டில், மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உள்ள விறலியாக அவள் குரல் விளிக்கப்படுகிறது. விறலி என்றால் ஆடிப் பாடுகிற பெண். அரசவைகளுக்கும் ஊர் மன்றங்களுக்கும் போய்ப் பாடிப் பிழைத்தவள். இன்றைய வார்த்தையில், கலைஞர்.

இந்தப் பெண்ணைத்தான் பின்வந்த தமிழ் கிழவியாக்கிற்று. குழந்தைகளுக்கு நீதி சொல்ல வைத்தது. ஏன் கிழவியானாள் என்பதற்கு ஒரு கதையும் கட்டிற்று. கல்யாணம் நிச்சயமான கன்னி, பிள்ளையார் முன் விழுந்து என் இளமையை எடுத்துக்கொள் என்று அழுகிறாள். பிள்ளையார் எடுத்துக்கொள்கிறார். வள்ளி கதையில் பெண்ணைக் காதலன் கையில் சேர்த்த அதே பிள்ளையார்தான் இங்கே பெண்ணை ஆண்களிடமிருந்து விடுவிக்கிறார். முருகன் போட்ட கிழவேஷம் கழற்றக்கூடியது. அவ்வை வாங்கிய முதுமை கழற்ற முடியாதது. ஊர் ஊராகத் தனியாக நடக்கவும், அரசனை எதிர்த்துப் பேசவும், தமிழ் பாடவும் அவள் கொடுத்த விலை அது. பாடும் பெண்ணுக்குத் தனியாக நடக்க அனுமதி வேண்டுமானால் அவள் கிழவியாக இருக்க வேண்டும் என்று அந்தக் கதையை உண்டாக்கியவர்கள் நினைத்தார்கள். கள் குடித்த விறலியைக் கொழுக்கட்டைப் பாட்டியாக்க நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சுந்தராம்பாள் விஷயத்தில் அதே வேலை இருபது வருஷத்தில் முடிந்துவிட்டது: 1933லிருந்து 1953க்குள்.

‘அவ்வையார்’ படத்தில் கன்னி அவ்வையாக வருபவர் குசலகுமாரி. பிள்ளையாரிடம் முறையிட்டு முதுமை பெற்ற பிறகு வருபவர் சுந்தராம்பாள். சரியாக 20 வருஷம் கழித்து ‘காரைக்கால் அம்மையா’ரில் அதே ஏற்பாடு திரும்ப வருகிறது. இளம் புனிதவதியாக லட்சுமி. கணவன் தெய்வம் என்று பயந்து விலகிப்போன பின், அவனுக்காகத் தாங்கிய தசையின் அழகு இனி வேண்டாம் என்று சிவனிடம் கேட்டு உதறியபின் வரும் அம்மையாராக சுந்தராம்பாள். இரண்டு படத்திலும் இளமையை இன்னொருத்தி நடித்தாள். கேட்டு வாங்கிய முதுமையை மட்டும் சுந்தராம்பாளிடம் கொடுத்தார்கள். முதல் படத்தில் நரை ஒப்பனை. இரண்டாவதில் 64 வயது. நடுவில் வித்தியாசம் கண்டவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அவ்வை வேஷத்துக்கு சினிமாவுக்கு முன்பே மேடையில் பேர் வாங்கித் தந்தவர் ஓர் ஆண். டி. கே. எஸ். சகோதரர்கள் 1942ல் அரங்கேற்றிய ‘அவ்வையார்’ நாடகத்தில் டி. கே. சண்முகம் கிழவியாக வந்தார். அவருக்கு அப்போது முப்பது வயது. வேஷம் பெயரோடு ஒட்டிக்கொண்டு அவ்வை சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் மற்ற நாடகங்களில் ராஜராஜனாகவும் இன்னும் யார் யாராகவோ வந்தார். வீட்டுக்குப் போகும்போது அவ்வையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். முருகனைப் போல. சுந்தராம்பாள் வீட்டுக்குப் போகும்போதும் வெள்ளைப் புடவையில்தான் போனார்.

ஆண்களுக்கு வேறு கணக்கு என்பதற்கு இன்னும் தூரம் போக வேண்டியதில்லை. எம். ஜி. ஆர். பிறந்தது 1917ல். கதாநாயகனாக அவர் நடித்த கடைசிப் படம் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ 1978ல் வெளிவந்தபோது வயது 60ஐத் தாண்டிவிட்டது. முதலமைச்சரும் ஆகிவிட்டார். திரையில் அவருக்கு வயது ஆகவே இல்லை. ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

*

இதே காலத்தில் தமிழ்நாட்டில் முதுமைவரை பொதுமேடையில் நின்ற வேறு இரண்டு பெண்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எம். எஸ். சுப்புலட்சுமிக்கு மரபு திறந்துவிட்ட கதவு சுமங்கலிக் கதவு. ‘மீரா’வுக்குப் பிறகு சினிமாவை விட்டார். பட்டு, பூ, மூக்குத்தி, பக்கத்தில் கணவர். 1997ல் கணவர் இறந்ததும் கச்சேரியை நிறுத்திக்கொண்டார். சுந்தராம்பாளுக்குத் திறந்தது அதற்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கதவு. இரண்டும் ஒரே வீட்டின் கதவுகள்.

பாலசரஸ்வதி இரண்டு கதவாலும் போகவில்லை. 1975ல் தமிழிசைச் சங்கத் தலைமையுரையில் சிருங்காரம்தான் நாட்டியத்தின் உயிர் என்று, அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு எதிராகப் பேசினார். 1976ல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ‘பாலா’ எடுத்தபோது வயது 58. உடல் கனத்திருந்தது. நரை, ஒப்பனை, துறவு எந்த வேஷமும் இல்லாமல், அந்த வயதில் அந்த உடலோடு, பதத்தின் நாயகியாகவே நின்றார். நின்றது நிஜம். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிடைத்தார்கள். சங்கீத கலாநிதியும் 1973ல் கிடைத்தது. ஜனங்கள் கிடைக்கவில்லை. ஆடி மாத ஒலிபெருக்கி பாலசரஸ்வதிக்கு இல்லை. வேஷமில்லாத முதுமையை நம் சமூகம் ஒரு சிறு வட்டத்துக்கு மேல் தாங்கவில்லை.

1969ல் வந்த ‘துணைவன்’ படத்தில் ஒரு பொருத்தம் அமைந்தது. 60 வயது சுந்தராம்பாளும், குழந்தை முருகனாக வந்த ஶ்ரீதேவியும் அதே படத்தில் இருக்கிறார்கள். அந்தப் படத்துக்காகத்தான் சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்த வருஷம் பத்மஶ்ரீ. குழந்தை, கிழவி: ஒரு பெண் தெய்வத்துக்கு அருகில் கேள்வி இல்லாமல் நிற்கக்கூடிய இரண்டு வயதுகள். நடுவில் இருக்கும் நாற்பது ஐம்பது வருஷத்துக்குத்தான் எல்லாச் சட்டங்களும்.

*

இதுவரை சொன்னதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்த விஷயத்தைப் பேசியபோது கவிஞர் நண்பர் ஒருவர் அதைச் சொன்னார். “அவர்மீது யாரும் எதையும் திணிக்கவில்லையே. தீர்மானம் அவருடையது. காதலித்தார், அவன் செத்தான், அதோடு போதும் என்று முடிவு செய்தார். அதைச் சமூகத்தின் சதி என்று சொல்ல நீ யார்?”

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 25 வயதில் அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் அதைத் தன் வலிமையாக மாற்றிக்கொண்டார் என்பதை நான் மறுக்க முடியாது. லட்ச ரூபாயும், நிபந்தனையும், மாற்றப்பட்ட பாட்டு வரியும் அந்த வலிமையின் சான்றுகள். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியக்காரர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வருகிறார்கள். அவர்களில் பெண்களைக் கவனித்திருக்கிறேன். ‘பாட்டி’ என்று கூப்பிட்டால் சிலருடைய முகம் சுருங்குகிறது. வேறு சிலர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கூன் இல்லாத முதுகைக் கொஞ்சம் கூனிக்கொண்டு, வரிசையைக் கடந்து நேரே கவுண்டருக்கு வந்துவிடுகிறார்கள். மேனேஜரை ‘டேய் தம்பி’ என்று அதட்டுகிறார்கள். வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் முதுகு நிமிர்கிறது. கிழவி என்பது இந்த நாட்டில் ஒரு பெண் வாங்கக்கூடிய ஒரே முழு அனுமதிச் சீட்டு. அவ்வை அதைத் தெரிந்து வைத்திருந்தாள். சுந்தராம்பாளுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் சீட்டு வாங்கியவரின் சாமர்த்தியத்தைப் பாராட்டுவதோடு விமர்சகன் நின்றுவிட முடியாது. சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்திருப்பவனையும் பார்க்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பது நாம்தான். ரசிகர்களாகிய நாம்.

நஷ்டம் யாருக்கு என்பதுதான் கடைசிக் கேள்வி. அவருக்கு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தமிழுக்கு என்று சொல்லலாம். திரையில் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: நரைத்த தலைக்கும் ஊன்றுகோலுக்கும் அடியில் அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை. மைக் முன் முணுமுணுத்துப் பாடும் பழக்கம் வந்து முப்பது வருஷம் ஆன பிறகும், கடைசி வரிசைத் தரை டிக்கெட்டை நோக்கியே அவர் பாடினார். சொல்லை அடித்து நிறுத்துவதும், உச்சத்தில் போய் அசையாமல் நிற்பதும், எதிரே இருப்பவனைப் பதில் சொல்ல அழைப்பதும் ஸ்பெஷல் நாடகத்து வள்ளியின் காரியங்கள். ‘திருவிளையாட’லில் அவர் முருகனோடு நடத்தும் பாட்டு வாதம் தினைப்புனத்து வாதம்தான். வள்ளி மட்டும் கிழவியாகிவிட்டாள். முருகன் இன்னும் சிறுபிள்ளை. ஜனங்கள் கைகூப்பிக் கேட்டார்கள். அந்தக் கூப்பிய கைகளுக்குள் எவ்வளவு பழைய சிருங்காரம் பத்திரமாக இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதற்குத்தானே அந்த ஏற்பாடு.

அந்த 47 வருஷத்தில் அந்தக் குரல் ஆசையைப் பாட முடிந்திருந்தால் என்ன பாடியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வயதுக்காரியின் ஆசை ஒன்று, நாற்பது வயதுக்காரியின் ஆசை ஒன்று, அறுபதைக் கடந்தவளின் ஆசை ஒன்று இருந்திருக்கும். நம்முடைய கவிதையும் அந்த வயதுகளின் பெண்குரலை நெடுங்காலம் அறியாமலே இருந்தது. அவ்வைகளையும் அம்மையார்களையும் நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நண்பர் வீட்டுத் தட்டை அதன் பிறகு இரண்டு தடவை கேட்டேன். மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடுகிறது. எதிர்ப்பாட்டு அந்தத் தட்டில் இல்லை. அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.